சிந்தாமல் ஒரு சிட்டிகை

"டப்பாவைத் திறந்தால் பாதிப் பொடி சட்டையில், பாதி மூக்கில். மூக்குக்குப் போனதும் தொண்டைக்கு இறங்கி இருமல் வருகிறது. வேறு டப்பா வாங்கினால் சரியாகுமா?" மூக்குப்பொடி போடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. டப்பாவை மாற்றினால் கொஞ்சம் சரியாகும். மூச்சை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காரணம் புரிய வேண்டுமானால் பொடி எப்படி நகர்கிறது, காற்று எப்படி நகர்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பொடியிலிருந்து தொடங்குவோம். சர்க்கரையைக் கவிழ்த்தால் சரசரவென்று கொட்டுகிறது. நைஸாக அரைத்த பொடியைக் கவிழ்த்தால் முதலில் எதுவும் விழாது, பிறகு ஒரு கட்டியாகப் பொத்தென்று விழும். துகளின் குறுக்களவு பாதியானால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பக்கத்துத் துகளோடு அது ஒட்டிக்கொள்ளும் விசை ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். அரைக்க அரைக்க எடை தோற்று ஒட்டுதல் வெல்கிறது. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போய்விட்டால் பொடி தானாக ஓடாது. இதற்கு மேல் ஈரம் சேர்ந்தால் துகள்களுக்கிடையே நுண்ணிய நீர்ப்பாலங்கள் உண்டாகிக் கட்டி தட்டும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ பிளாஸ்டிக் சுவரில் உரசி மின்னூட்டம் பெற்று, டப்பா முழுக்கப் பூசினாற்போல் ஒட்டிக்கொள்ளும்.

சிறு துளையுள்ள டப்பாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. துளைக்கு மேலே துகள்கள் ஒன்றையொன்று தாங்கி, கல் வளைவு போல ஒரு வளைவைக் கட்டிவிடும். மேலே எவ்வளவு பொடி இருந்தாலும் கீழே எதுவும் வராது. தானியக் கிடங்குகளை ஆராய்ந்த யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1895-இல் இதன் அடிப்படையைக் காட்டினார்: குவிந்த துகள்களின் பாரத்தில் பெரும்பகுதியைப் பக்கச் சுவர்களே உராய்வால் தாங்கிக்கொள்கின்றன. அதனால் டப்பாவை முழுக்க நிரப்புவதாலோ அழுத்துவதாலோ பொடி வேகமாக வராது. சுவரைத் தட்டி வளைவை உடைப்பதுதான் வழி.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

மூடி போட்ட சாதாரண டப்பாவில் பொடி பறப்பது பெரும்பாலும் திறக்கும் அந்த நொடியில்தான். மூடியின் உட்புறத்தில் எப்போதும் கொஞ்சம் பொடி ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் டப்பாவை மட்டமாகப் பிடித்து மூடிமேல் விரலால் இரண்டு தட்டு தட்டினால் அது உள்ளே விழுந்துவிடும். அடுத்தது காற்று. இறுக்கமான மூடியை வெடுக்கென்று தூக்கினால் உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, வெளிக்காற்று விளிம்பு வழியே பாய்ந்து, பொடியைக் கிளப்பிவிடும். ஓர் ஓரத்தை முதலில் நெகிழ்த்தி, ஒரு நொடி விட்டு, பிறகு திறக்க வேண்டும். வெயிலில் கிடந்த டப்பாவுக்கு இதன் எதிர்ச்சிக்கல். 20 டிகிரியில் மூடிய டப்பா 40 டிகிரிக்குச் சூடானால் உள்ளழுத்தம் கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். திறந்ததும் காற்று பொடியோடு வெளியே வரும். முகத்துக்கு நேரே திறக்காதீர்கள்.

சிட்டிகை எடுக்கும் விரல்கள் உலர்ந்திருக்க வேண்டும். ஈரவிரல் எடுக்கும் பொடி கட்டியாவதோடு, டப்பாவில் மிஞ்சும் பொடியிலும் கட்டிகளை விட்டுவிட்டு வரும். ஒரு நாசிக்குத் தீக்குச்சித் தலை அளவு போதும். எடுத்த சிட்டிகையை டப்பாவுக்கு மேலேயே வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு முறை லேசாக உருட்டினால் கட்டிகள் உடையும், மிகை டப்பாவிலேயே விழும். விரல்களை அழுத்தி நசுக்கக் கூடாது. நசுக்கிய பொடி வில்லை போலாகி, மூக்கருகே விரலைப் பிரிக்கும்போது ஒரே துண்டாகக் கீழே விழும்.

துளை வழியே பொடியைத் தட்டி எடுக்கும் தட்டு டப்பா வேறு விதம். மூடி வளையத்தைத் திருப்பினால் இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து வழி திறக்கும். திருப்பும்போது துளை மேற்பக்கம் இருக்கட்டும். பிறகு டப்பாவைச் சாய்த்து, துளைக்கு எதிர்ப்புறச் சுவரை ஆள்காட்டி விரலால் இரண்டு முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் ஓரிரு தட்டுகள் வளைவை உடைக்கும், அதற்கு மேல் போகும் தட்டுகள் பொடியை இறுக்கும். டப்பாவை நிமிர்த்தி, ஒரு முறை குலுக்கித் தளர்த்தி, மறுபடி சாய்த்துத் தட்ட வேண்டும். பொடி வெளியேறிய இடத்துக்குக் காற்று அதே துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், தட்டுக்குத் தட்டு சற்று இடைவெளி தேவை. துளை அடைத்துக்கொண்டால் பல்குச்சியால் துளையின் விளிம்பைச் சுற்றிச் சுரண்டி எடுங்கள். குத்தி உள்ளே தள்ளினால் அந்தக் கட்டி அடுத்த முறையும் அங்கேயே வந்து நிற்கும்.

புல்லட் எனப்படும் சிறு குப்பியின் கழுத்தில் சுழலும் குமிழ் ஒன்று, அதற்குள் ஒரு வேளைப் பொடி கொள்ளும் குழி. குப்பியைக் கவிழ்த்து இரண்டு மூன்று தட்டு தட்டினால் குழி நிரம்பும். குமிழைத் திருப்பினால் குழி வெளித்துளைப் பக்கம் வந்துவிடும். நிமிர்த்தி மூக்கில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டியதுதான். சிந்தாத வகையில் இதற்கு இணையில்லை, ஆனால் உலர்பொடிக்கு மட்டும். ஈரப்பொடி குழியில் ஒட்டிக்கொண்டு வராது. முக்கால் அளவுக்கு மேல் நிரப்பினாலும் பொடி தளர இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். இதில் செய்யும் பெரிய பிழை, குப்பியை மூக்கில் வைத்தபடியே மூச்சு விடுவது. வெளிமூச்சு ஈரப்பதம் நிறைந்த வெதுவெதுப்பான காற்று. குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் நீராகப் படிந்து, துளையோரப் பொடியைக் களிம்பாக்கிவிடும்.

அடைப்பானிலேயே சிறு கரண்டி பொருத்திய குப்பிகளில் கரண்டியை விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு எடுத்தால் போதும். கழுத்தில் ஒட்டிய பொடியைத் துடைக்காவிட்டால் அடைப்பான் சரியாக உட்காராது, பொடி நமத்துப்போகும். காகிதப் பொட்டலம்தான் எல்லாவற்றிலும் மோசம். மடிப்புகளில் பொடி தங்கும், பிரிக்கும்போது காகிதம் துள்ளும். மூலையில் அரை சென்டிமீட்டர் வெட்டி, நடுவே மடித்துக் கால்வாய் போலாக்கி, டப்பாவுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

தட்டு டப்பாவிலிருந்தும் கரண்டியிலிருந்தும் பொடியைக் கையில் போட்டுக்கொள்ள உடலிலேயே ஓர் இடம் இருக்கிறது. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் மணிக்கட்டை ஒட்டி இரண்டு தசைநாண்கள் புடைத்து, நடுவே ஒரு பள்ளம் விழும். உடற்கூறியலில் இந்தப் பள்ளத்துக்குப் 'பொடி டப்பா' என்றே பெயர். அதன் அடியில் நாடித்துடிப்பைத் தொட்டுணரலாம். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் அழுத்துவதும் அங்கேதான். வியர்வையைத் துடைத்துவிட்டுப் பொடியைச் சிறு குவியலாக வையுங்கள், பரப்பாதீர்கள். தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பரப்பிய பொடி அந்தப் படலத்துக்குள் பதுங்கிவிடும். குவியலின் உச்சி அதற்கு மேலே காற்றில் நிற்கும், அதனால் எளிதாகக் கிளம்பும்.

இப்போது மூச்சு. இந்தக் கட்டுரை முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கலாம், அவ்வளவு அழகான இயற்பியல்.

விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. அதே வாய், அதே அளவு காற்று, ஆனால் விளைவு வேறு. ஊதும்போது காற்று ஒரே திசையில் தாரையாகப் பாய்கிறது. துளையின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு தூரம் வரை அதன் நடுப்பகுதி வேகம் குறைவதில்லை. உறிஞ்சும்போதோ காற்று முன்னால், பக்கவாட்டில், பின்னால் என எல்லாத் திசைகளிலிருந்தும் துளையை நோக்கி வருகிறது. அதனால் துளையை விட்டுத் தள்ளிப்போகப் போக வேகம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பச் சரிகிறது.

தொழிற்கூடங்களில் தூசு உறிஞ்சும் குழாய்களுக்குப் பயன்படும் வாய்பாட்டை நாசித்துளைக்குப் போட்டுப் பார்க்கலாம். துளையின் விட்டம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் தள்ளி, உறிஞ்சும் வேகத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். 5 மில்லிமீட்டரில் கால் பங்கு. ஒரு சென்டிமீட்டரில் 7 சதவீதம். 5 சென்டிமீட்டரில் முந்நூற்றில் ஒரு பங்கு. ஆனால் அதே 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கையில், வெளிமூச்சு கிட்டத்தட்ட முழு வேகத்தில் வந்து மோதும்!

சட்டையில் பொடி விழும் மர்மம் இங்கே அவிழ்கிறது. பலமாக உறிஞ்ச வேண்டுமென்று நினைப்பவர்கள் அதற்கு முன் தன்னையறியாமல் ஒரு மூச்சு விடுகிறார்கள். கை மூக்கை நோக்கிப் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அந்த மூச்சு குவியலைக் கலைத்துவிடுகிறது. மிஞ்சியதையும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு இழுத்தால், 7 சதவீத வேகம் நைஸான துகள்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய துகள்களை விட்டுவிடும். ஆகவே, கை கீழே இருக்கும்போதே முகத்தைத் திருப்பி மூச்சை விட்டுவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மூக்குக்கு 3 மில்லிமீட்டர் அருகே கொண்டுவாருங்கள். தலை சற்று முன்னே சாய்ந்திருக்கட்டும். பூவை முகர்வது போல அரை நொடி, மெல்ல, ஒரே ஒரு இழுப்பு. கையை விலக்கிய பிறகே அடுத்த மூச்சு.

மெல்ல இழுப்பதற்குக் காரணம் மூக்கின் உள்ளமைப்பு. துளையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள்ளாகவே மூச்சுப்பாதையின் மிகக் குறுகிய இடம் இருக்கிறது. மூச்சுப்பாதை முழுவதும் காற்றுக்குத் தரும் தடையில் பாதியளவு இந்த ஓர் இடத்தில்தான். மேல்நோக்கி வரும் காற்று அதைத் தாண்டியதும் பின்னோக்கித் திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும், கனமான துகளால் திரும்ப முடியாது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் 50 மைக்ரான் துகள், காற்று திரும்பிய பிறகும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேரே போகும். சில மில்லிமீட்டரே அகலமுள்ள பாதையில் அது சுவரில் மோதிச் சளிச்சவ்வில் ஒட்டிவிடும். 5 மைக்ரான் துகளோ 0.15 மில்லிமீட்டருக்குள் காற்றோடு சேர்ந்து திரும்பி, உள்ளே போய்விடும். மிக நைஸான உலர்பொடி தொண்டைக்கு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகமாக இழுத்தால் நாசிச் சுவரே உள்வாங்கி வழி இன்னும் குறுகும். அங்கே வேகமெடுக்கும் காற்று, சரியாக ஒட்டாத பொடியைப் பெயர்த்துத் தொண்டைக்குத் தள்ளும். தலையை அண்ணாந்து போட்டால் சொல்லவே வேண்டாம்.

ஒட்டிய பொடியிலுள்ள நிக்கோட்டின் சளிச்சவ்வு வழியே நேரே இரத்தத்தில் கலக்கிறது. சிந்தாமல் போடுவதால் தீங்கு குறையாது. 1761-இலேயே ஜான் ஹில் என்ற ஆங்கிலேய மருத்துவர் மூக்குப்பொடியையும் மூக்குப் புற்றையும் தொடர்புபடுத்தி எச்சரித்தார். புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். பொடி போட்டால் சளி கரையும், தலைவலி தீரும், பார்வை தெளியும் என்ற நம்பிக்கை 16-ஆம் நூற்றாண்டிலிருந்து விடாமல் வருகிறது. மூக்கு ஒழுகுவது நோய் வெளியேறுவதால் அன்று. வந்து விழுந்த எரிச்சலூட்டியைக் கழுவித் தள்ளச் சவ்வு நீர் சுரக்கிறது, அவ்வளவே.

இதே இயற்பியல் மருந்துக்கும் உதவுகிறது. சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்து மயங்கியவருக்கு மூக்கில் செலுத்தும் 3 மில்லிகிராம் குளுக்ககான் (இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன்) பொடி 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மயங்கியவரால் உறிஞ்ச முடியாது என்பதால், கருவியே பொடியைத் தள்ளி முன்மூக்குச் சவ்வில் படியவைக்கிறது. சிமென்ட், மாவு, மாத்திரை என உலகம் கையாளும் பொருள்களில் பெரும்பங்கு பொடிதான். அப்படியிருந்தும் பொடியின் ஓட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் ஓரத்தில் வைத்தே நடத்துகின்றன. அதற்கென்று தனித் துறைகளும் நிலையான ஆய்வு நிதியும் வேண்டும் என்பதில் இந்தக் கட்டுரைக்கு இரண்டாம் கருத்து இல்லை.

போட்ட உடனே மூக்கைச் சிந்தாதீர்கள். உலர்ந்த பொடி தாரையோடு வெளியே தெறிக்கும். சளிச்சவ்வின் நுண்ணிழைகள் நிமிடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வேகத்தில் சளியை நகர்த்துகின்றன. ஐந்து நிமிடம் பொறுத்தால் பொடி ஈரத்தில் கட்டுண்டிருக்கும். அப்போது ஒரு நாசியை மூடி மறு நாசியைக் கைக்குட்டையில் சிந்தலாம். துணியில் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள், நனைக்காதீர்கள். நீர் பட்டால் புகையிலையின் பழுப்புச் சாறு இழைக்குள் இறங்கிக் கறையாகும். துணியை இழுத்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து சுண்டினால் பொடி உதிர்ந்துவிடும்.

புல்லட்டையும் தட்டு டப்பாவையும் மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். கழுவியபின் பிரித்துப் போட்டு ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். குமிழின் இடுக்கில் ஒரு துளி ஈரம் மிஞ்சியிருந்தாலும் முதல் சுற்றிலேயே குழி அடைத்துக்கொள்ளும்.