பிளேட்லெட்டை மட்டும் பார்க்காதீர்கள்

மே மாத மழை தொடங்கினால் வெள்ளவத்தையில் எங்கள் கிளினிக் முழுக்கக் காய்ச்சல்காரர்கள்தான். டெங்குவோ என்ற பயத்தில் முக்கால்வாசிப் பேர் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையிலேயே கொண்டு வருகிறார்கள். கேட்பது ஒன்றுதான்: "டொக்டர், பிளேட்லெட் பரவாயில்லையா?" பிளேட்லெட் என்பது இரத்தத்தை உறையவைக்கும் சிறு அணு. அதே தாளில் மேலே இருக்கும் வெள்ளணு (கிருமியை எதிர்க்கும் வெள்ளை இரத்த அணு) வரியை யாரும் கேட்பதில்லை.

போன கிழமை ஒரு தம்பி வந்தார். காய்ச்சலின் 3ஆம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 172,000. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "பிளேட்லெட் நல்லா இருக்குது, இது சும்மா வைரஸ் காய்ச்சல்தான்" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். உடம்பு உளைவுக்கு ஃபார்மசியில் டைக்குளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறார். அந்தத் தாளில் வெள்ளணு 2,700. 5ஆம் நாள் காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அன்று பின்னேரமே வயிற்று வலி, வாந்தி, கை கால் எல்லாம் குளிர். நேரே வார்டுக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். இந்தப் பருவத்தில் இப்படி வந்தவர் இவர் மட்டும் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெங்குவில் பெரும்பாலும் முதலில் இறங்குவது வெள்ளணு. வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். காய்ச்சலோடு 5,000க்குக் கீழே வந்து, அடுத்த ரிப்போர்ட்டில் இன்னும் இறங்கியிருந்தால், பிளேட்லெட்டும் விழப் போகிறது என்று நாங்கள் எதிர்பார்ப்போம். அதன் பிறகுதான் ஆபத்தான கட்டம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். டெங்குவில் ஆட்களை இரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலைக்கு (ஷொக்) கொண்டுபோவது இந்தக் கசிவு. அதைக் காட்டுவது பிளேட்லெட் அல்ல, ஏறிக்கொண்டு போகும் பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு). ஆகவே 3ஆம் நாள் பிளேட்லெட் நன்றாக இருப்பதற்கு ஒரே அர்த்தம்தான்: அது இன்னும் விழவில்லை. பப்பாசி இலைச் சாற்றைக் குடித்து எண்ணிக்கையை ஏற்றிவிட்டால் கசிவு நின்றுவிடும் என்று நம்பி வீட்டிலேயே இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அவ்வளவு பட்ட பிறகும் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காய்ச்சல் 3ஆம் நாளைத் தொட்டால் எஃப்.பி.சி. எடுங்கள். டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் "நேற்றுத்தானே எடுத்தோம்" என்று வாதாடாதீர்கள். இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும், அதுவும் உடல் எடைக்கு ஏற்ற அளவில். டைக்குளோஃபெனாக், இப்யூபுரோஃபென், மெஃபனமிக் அசிட் வேண்டாம். பிள்ளைக்குப் பின்புறம் வைக்கும் மருந்திலும் டைக்குளோஃபெனாக் உண்டு, கேட்டு வாங்குங்கள். வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்), கஞ்சி, இளநீர் கொடுங்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, அசதி, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் இந்தச் சதவீதக் குழப்பம். லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில் என்பவை வெள்ளணுவின் வகைகள்; ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். ரிப்போர்ட்டில் "லிம்ஃபோசைட் 60%" என்று இருந்து பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் வீடே கலங்கிவிடுகிறது. மொத்த வெள்ளணு 3,000 என்றால் அதில் 60% என்பது 1,800. அது சாதாரண அளவு. உண்மையில் குறைந்திருப்பது நியூட்ரோஃபில்: 30% என்றால் வெறும் 900. சதவீதத்தைத் தனியே வாசித்தால் இல்லாத நோய் தெரியும், இருக்கும் குறை தெரியாது. நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு லிம்ஃபோசைட்தான் இயல்பாகவே அதிகம், அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

"வெள்ளணு கூடினால் பக்டீரியா, குறைந்தால் வைரஸ்" என்று சொல்லி அன்டிபயோட்டிக் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். டைபொயிட் பக்டீரியாவால் வருவது, அதில் வெள்ளணு பெரும்பாலும் கூடாது, குறையவும் செய்யும். எலிக் காய்ச்சலில் டெங்குவைப் போலப் பிளேட்லெட் இறங்கலாம், ஆனால் நியூட்ரோஃபில் ஏறி நிற்கும். வெள்ளத் தண்ணீரிலோ கானிலோ இறங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வெள்ளணு 13,000 என்றதும் இரத்தப் புற்றுநோயா என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு: கர்ப்பம், புகைப்பழக்கம், இழுப்புக்குப் போடும் பிரெட்னிசொலோன், ஏதாவது ஒரு கிருமித் தொற்று, இவை எல்லாமே கூட்டும். லியூக்கீமியா என்னும் அந்த இரத்தப் புற்றுநோயில் எண்ணிக்கை ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். அதைச் சந்தேகிக்க வைப்பது பிளட் பிக்சரில் (இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பரிசோதனை) தெரியும் முதிராத அணுக்களும் கூடவே வரும் இரத்தச்சோகையும் பிளேட்லெட் குறைவும். வயதானவர்களுக்கு லிம்ஃபோசைட் மாதக்கணக்காக 5,000க்கு மேல் நின்றால் காட்ட வேண்டும். அப்படி வரும் நாள்பட்ட லியூக்கீமியாவிலும் பலருக்கு உடனே சிகிச்சை தேவைப்படுவதில்லை.

வெள்ளணுவின் மற்ற வகைகளில், இயோசினோபில் கூடினால் பெரும்பாலும் ஒவ்வாமை, இழுப்பு, குடற்புழு. மொனோசைட்டும் பேசோஃபிலும் தனியாகக் கவலை தருவது அபூர்வம்.

வெள்ளணு குறைந்ததும் "சத்து காணாது" என்று இரும்புச்சத்து சிரப்பும் பீட்ரூட்டும் கொடுக்கிறார்கள். தயவுசெய்து முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள், வெள்ளணுவைக் குறைப்பது அதில் இருக்கும் மருந்தாகவும் இருக்கலாம். தைரொய்ட்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவருக்குத் தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே எஃப்.பி.சி. எடுக்க வேண்டும். குளோசபின், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கிளினிக்கில் சொன்ன இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து ஏற்றி ஒன்று, இரண்டு கிழமைகளில் நியூட்ரோஃபில் ஆகக் குறைவாக இருக்கும். 500க்குக் கீழே போனால் சீழ் கட்டவும் அணு இருக்காது, வீக்கமும் சிவப்பும் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 38 பாகை செல்சியஸ் தாண்டினால் பெனடோல் போட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன உடனே, வரிசையில் நிற்கும் முன், மருந்தேற்றியவர் என்று சொல்லுங்கள். அன்டிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற வேண்டும்.