துப்பாக்கி முனையும் இடது காதும்

வேலூரில் காது பரிசோதனை செய்பவளுக்குப் பட்டாளத்துக் காதுகள் புதிதல்ல. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இங்கே உண்டு. போன மாதம் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். "வாட்ச் அலாரம் அடிச்சிக்கிட்டே கிடக்கும்மா. கையில கட்டியிருக்கிற இவருக்குக் கேக்காது."

எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தேன். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கின்றன. கீச்சென்ற ஒலிகளில், 4000 ஹெர்ட்ஸுக்கு வந்ததும் கோடு பள்ளத்தில் விழுகிறது, வலது காதைவிட இடதில் ஆழமாக. "ஐயா, வலது தோளில் வெச்சுத்தானே சுடுவீங்க?" என்றேன். ஆச்சரியப்பட்டார். வலது தோளில் துப்பாக்கிக் கட்டையை அணைத்துச் சுடுபவரின் இடது காதுதான் குழல்வாயைப் பார்த்திருக்கும். வலது காது தலையின் மறைவில் கொஞ்சம் தப்பிக்கும்.

உடன் வந்த மகனும் பட்டாளத்தில் இருக்கிறார். அவர் கேட்டதுதான் இதை எழுத வைத்தது. "முனையில பிரேக் மாட்டினா உதை குறையுது மேடம், ஆனா பக்கத்துல நிக்கிறவன் காதைப் பொத்திக்கிறான். ஏன்?"

குண்டுக்குப் பின்னாலேயே மருந்து எரிந்த வாயு பீறிட்டு வருகிறது. தோளில் இடிக்கும் உதை, தீப்பிழம்பு, சத்தம் மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு. முனையில் மாட்டும் கருவி அந்த வாயுவை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதுதான் கேள்வி. மகன் சொன்ன பிரேக், அதாவது மஸில் பிரேக், பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் திருப்புகிறது. தோளுக்குச் சுகம். ஆனால் முன்னால் போகவேண்டிய சத்தம் சுடுபவர் காதுக்கும் அடுத்த வரிசையில் படுத்திருப்பவர் காதுக்கும் திரும்பி வருகிறது. ஃபிளாஷ் ஹைடர் வாயுவைச் சிதறடித்து, அது காற்றோடு சேர்ந்து பெரிய பிழம்பாக எரிவதைக் குறைக்கிறது. இருட்டில் சுடுபவர் கண் கூசாது. உதை பெரிதாகக் குறையாது, ஆனால் பிரேக் போலக் காதைத் தண்டிப்பதும் இல்லை. முனையில் குழாய்போல மாட்டும் சப்ரஸர் வாயுவை அறை அறையாக விரியவிட்டு ஆறவைத்து அனுப்புகிறது. மூன்றையும் குறைப்பது இது ஒன்றுதான். ஆனால் எடையும் நீளமும் கூடும், சூடேறும், வாயு முகத்துக்கே திரும்பவும் செய்யும்.

சப்ரஸர் இருந்தால் சத்தமே இருக்காது என்று சினிமா பார்த்து நம்புகிறோம். ரைஃபிள் சத்தம் சுடுபவர் காதருகே 160 டெசிபலையும் தாண்டலாம். திடீர் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லை 140 என்று வைத்திருக்கிறோம். நம் நாட்டில் பட்டாசுக்கே 4 மீட்டர் தள்ளி 145தான் உச்சவரம்பு. சப்ரஸர் 20, 30 டெசிபல் குறைத்தாலும் எல்லைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம். அப்புறம், பட்டாளத்து ரைஃபிள்களில் வரும் 5.56 மி.மீ. குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில், ஒலியைவிட இரண்டரை மடங்கு விரைவாகப் போகிறது. அது காற்றைக் கிழிக்கும் சத்தத்தை முனைக் கருவி எதுவும் தடுக்காது.

என் கருத்தைக் கேட்டால், 5.56 மாதிரி குறைவாக உதைக்கும் ரைஃபிளுக்கு ஃபிளாஷ் ஹைடர் போதும். அதில் பிரேக் மாட்டுவது தோளுக்கு மிச்சம் பிடித்துக் காதில் செலவழிப்பது. தொலைதூரப் பெரிய ரைஃபிளுக்கு பிரேக் தேவைப்படலாம். அப்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காதுக் காப்பு கட்டாயம்.

எதை மாட்டினாலும் காதில் அடைப்பான் வேண்டும். பஞ்சு உதவாது. இதைப் பட்டாளத்தவரிடமும் என்.சி.சி. பிள்ளைகளிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், இன்னும் பஞ்சோடுதான் போகிறார்கள். ஃபோம் அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன்மேல் காதை வெளியே மூடும் இயர்மஃபும் போட்டால் நல்லது. மஃப் மட்டும் போட்டால், கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது விளிம்பு தூக்கிக்கொண்டு சத்தம் உள்ளே புகும். சுட்ட மறுநாளும் காது அடைத்தே இருந்தாலோ 'ஙொய்' என்று இரைந்தாலோ, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே காது மருத்துவரிடம் போங்கள்.

மகனிடம் ஒரு ஜோடி கொடுத்து அங்கேயே போடச் சொன்னேன். முதல் தடவை பாதிதான் போனது, பிதுங்கி விழுந்தது. இரண்டாம் தடவை செருகியதும் ஏதோ பேசிப் பார்த்தார். "குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு மேடம்." சரி, இப்போதுதான் காது அடைபட்டிருக்கிறது என்றேன்.