தேய்ந்த ரேகையும் ரேஷன் அரிசியும்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம்காரர்கள் நிறைய. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள். மேட்டில் ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்கும் பங்களா. சரிவில் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு), மளிகைக் கடையில் முழு விலைக்கு அரிசி வாங்கும் வெளிமாநிலக் குடும்பம். அவர்களுக்கும் இங்கே ரேஷன் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை.

சொந்த மாநில ரேஷன் அட்டைக்கு வேறு மாநிலக் கடையிலும் அரிசி வாங்க வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த முன்னுரிமை அட்டைக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம், 2023 முதல் இலவசம். ஊரில் இருப்பவர்கள் தங்கள் பங்கை அங்கேயே வாங்கலாம், இங்கிருப்பவர் தன் பங்கை இங்கே வாங்கலாம். அட்டையைக் கொண்டுவர வேண்டியதில்லை, எண் போதும். சர்க்கரை, பருப்பு, பாமாயில் மட்டும் கிடைக்காது. அவை நம் மாநில அட்டைக்கு உரியவை.

ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அந்த விரலில்தான். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்திருக்கும், வெடிப்புக்குள் தேயிலைக் கறை கருப்பாக ஏறியிருக்கும். மார்கழிக் குளிரில் தோல் இன்னும் வறண்டுபோகும். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கட்டைவிரல் ஏறவில்லை என்றால் மோதிர விரலையோ சுண்டு விரலையோ வைத்துப் பார்க்கலாம். கொழுந்து கிள்ளும்போது அவை அவ்வளவாகத் தேய்வதில்லை. கண் கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆதார் எண் ரேஷன் அட்டையோடு இணையாமலோ, கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் புகுந்த வீட்டு அட்டையில் ஏறாமலோ இருந்தாலும் இயந்திரம் மறுத்துவிடும். எது குறை என்று 14445-இல் கேட்கலாம், கட்டணமில்லை. சில இடங்களில் ஆட்களின் ஆதாரை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொள்கிறார். அது தவறு. நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தரவேண்டும்.

கூட வந்த பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் இடம் மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை, வயதுச் சான்று இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஜூன் வரை காத்திருக்காமல் வந்த வாரமே கூட்டிப் போங்கள்.