தலைச்சுமை குறைந்த கார்

நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி நடப்பவர் சட்டென்று திரும்பிவிடுவார். அதே குடம் தலையில் இருந்தால் கழுத்தும் தோளும் முதலில் நிதானித்துக்கொள்ளும். பிறகுதான் உடம்பு திரும்பும். எடை ஒன்றுதான், உயரம் வேறு. காருக்குக் கூரை என்பது இப்படிப்பட்ட தலைச்சுமை. 2003இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் காரில் எஃகுக் கூரையை விலக்கிவிட்டுக் கார்பன் இழைக் கூரையை வைத்தார்கள். சாதாரண எம்3 காரைவிட அது 110 கிலோ இலேசானது: 1495 கிலோ 1385 ஆகக் குறைந்தது. அந்த 110 கிலோவில் கூரையின் பங்கு ஆறேழு கிலோதான்.

ஆறு கிலோ என்பது எட்டு லிட்டர் பெட்ரோலின் எடை. இதற்கா இத்தனை பாடு என்று யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1400 கிலோ எடையுள்ள காரின் எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், கூரை 135 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். கூரையில் ஆறு கிலோ குறைந்தால் எடை மையம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதே ஆறு கிலோவைத் தரைத்தளத்திலிருந்து எடுத்தால் மையம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே ஏறிவிடும்! கார் இலேசாகும், ஆனால் வளைவில் சாயும் குணம் அந்த அளவுக்குக் குறையாது. வளைவில் கார் பக்கவாட்டில் சாயும்போது சுழல் அச்சிலிருந்து ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சாய்வை எதிர்க்கும்; சாய்ந்த பின் நிமிர்வதையும் எதிர்க்கும். அச்சுக்கு மிகத் தொலைவில் இருப்பது கூரை. மூன்றரை மில்லிமீட்டர் சிறிய அளவுதான், அதை நான் பெரிதாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஆனால் பந்தயக் கார்ப் பொறியாளர்கள் இப்படிப்பட்ட மில்லிமீட்டர்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு காரின் குணத்தை உருவாக்குகிறார்கள்.

கார்பன் இழை எஃகைவிட உறுதியானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விஷயம் அதைவிடச் சுவையானது. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையைக் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்தி, பிறகு நைட்ரஜன் சூழலில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் மட்டுமே பெரும்பாலும் மிஞ்சும். அந்த இழையின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான். நீளவாக்கில் இழுத்தால் அதன் விறைப்பு சுமார் 230 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு இது). எஃகுக்கு 210. ஆனால் மூங்கிலைப் போல இதற்கும் திசை உண்டு. மூங்கிலை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம், கத்தியை வைத்துப் பிளப்பது எளிது. ஆகவே இழைகளைப் பாவும் ஊடுமாக நெய்து, ஒரு துணிமேல் இன்னொன்றை 45 டிகிரி திருப்பி அடுக்கி, எப்பாக்சி பிசினில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். எல்லாத் திசைக்கும் விறைப்பைப் பங்கிட்டுக் கொடுத்த பின், தகட்டின் விறைப்பு 50 ஜிகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். எஃகில் கால் பங்குதான்!

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? தடிமனிலிருந்து வருகிறது. மர ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையும். செங்குத்தாகத் திருப்பி அழுத்தினால் அசையாது. ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் அந்தத் திறன் எட்டு மடங்காகும். எனவே கால் பங்கு விறைப்புள்ள கார்பன் தகட்டை, 0.8 மில்லிமீட்டர் எஃகுக்கு ஈடாக்க 1.3 மில்லிமீட்டர் போதும். ஒரு சதுர மீட்டருக்கு எஃகு 6.3 கிலோ, கார்பன் 2 கிலோ. இந்த வழியில் அலுமினியம் 3.1 கிலோவில் நிற்கும். கூரை என்பது பெரிதாக, மெல்லியதாக, வளையாமல், காற்றில் துடிக்காமல் இருக்க வேண்டிய பாகம். இந்த மும்மடி விதிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் காரில் வேறு இல்லை.

சிஎஸ்எல் கூரையை ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் ஆலையில் செய்தார்கள். உலர்ந்த துணி அடுக்குகளை மூடிய அச்சுக்குள் வைத்து, பிசினை அழுத்தத்தில் செலுத்தும் முறை அது. அடுக்கு வரிசை நடுவிலிருந்து மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் சூடு ஆறும்போது தகடு அப்பளம் போல ஒரு பக்கம் சுருண்டுவிடும். 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் காரின் கூரையில் நெய்த துணிக்குப் பதிலாக நறுக்கிய இழைகளைப் பிசினோடு அச்சில் அழுத்தியிருக்கிறார்கள். வேகமாகச் செய்யலாம் என்பது அதன் பலம். 2015இன் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் இதே தலைச்சுமையைக் குறைக்க மெக்னீசியக் கூரையைத் தேர்ந்தெடுத்தது.

தொழிற்சாலையில் செய்வது ஒரு கதை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எம்3 காரின் எஃகுக் கூரையை வெட்டி எடுத்துவிட்டு கார்பன் கூரை வைப்பது இன்னொரு கதை. உண்மையான திறமை வெளிப்படுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

முன்கண்ணாடி, பின்கண்ணாடி, உட்கூரைத் துணி எல்லாம் முதலில் வெளியே வரும். கூரையின் இரு ஓரங்களிலும் ஓடும் ரப்பர் பட்டையை உரித்தால் ஒரு பள்ளம் தெரியும். அதற்குள் வரிசையாகச் சிறு வட்டக் குழிகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அவைதான் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள், அதாவது இரண்டு தகடுகளை ஆங்காங்கே உருக்கி இணைத்த இடங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மேல் தகடு மட்டும் அறுபடும்படி துளையிட வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் அடியிலுள்ள உடற்சட்டம் ஓட்டையாகிவிடும். துளைப்பான் மேல் தகட்டைக் கடந்த கணத்தில் கைக்கு ஒரு சிறு தளர்வு தெரியும்; பழகிய டிங்கர் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். இவ்வளவு நேரமும் கார் சமதளத்தில், தன் எடையைச் சரியாகத் தாங்கி நிற்க வேண்டும். கூரையில்லாத உடல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், புதுக் கூரை அந்த முறுக்கலோடேயே உறைந்துவிடும்.

கார்பனை வெல்டிங் செய்ய முடியாது. ஒட்டத்தான் வேண்டும். அந்தப் பசைதான் இந்த வேலையின் உயிர் என்பேன். எஃகு சூட்டில் விரிவது கார்பன் தகட்டைவிடப் பல மடங்கு அதிகம். நிழலிலிருந்து கொளுத்தும் வெயிலுக்கு வந்து வெப்பம் 60 டிகிரி கூடினால், 130 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு ஓரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். கார்பன் கூரை அதில் கால் பங்குகூட நீளுமா என்பது ஐயம். இடையிலுள்ள முக்கால் மில்லிமீட்டரைப் பசை தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் போன்ற மீள்தன்மையுள்ள பசையை, சில மில்லிமீட்டர் கனத்துக்கு விடுகிறார்கள். மெல்லிய, விறைத்த பசை என்றால் சில கோடைகளில் ஓரத்தில் விரிசல் கண்டுவிடும். பசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரத்தில் அது எஃகைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, எஃகுதான் அரிக்கப்படும். ஆகவே பசை அவற்றைப் பிரித்தும் வைக்க வேண்டும். அதன் அடியில் பிரைமர் ஒரு கீறல் விடாமல் பூசியிருக்க வேண்டும்.

ஒரு கவலையை இங்கே சொல்லியாக வேண்டும். எஃகுக் கூரையை அப்படியே விட்டு, அதன்மேல் கார்பன் தோலை ஒட்டுவதும் சந்தையில் நடக்கிறது. பார்வைக்கு அதே நெசவு தெரியும். ஆனால் சுமை கூடுகிறது, அதுவும் தலையில்! இதைச் செய்பவர்கள் அழகுக்காகச் செய்கிறோம் என்றே சொல்லட்டும், இலேசாக்கினோம் என்று சொல்ல வேண்டாம். அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட மலிவான தகடுகளும் ஆபத்தானவை. அப்படி இறுகிய பல எப்பாக்சிகள் 60 டிகிரியைத் தொடும்போதே இளகத் தொடங்கும். கறுப்புக் கூரை வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். அடுப்பில் சுட்டுப் பதப்படுத்திய தகடா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கார் உருண்டால் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. அப்போது பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவை தூண்களும், கூரையின் ஓரச் சட்டங்களும், கூரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே வில்போல் ஓடும் சட்டமான குறுக்கு வில்லும்தான். மேல்தகடு அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து, பெட்டி கோணலாகாமல் காக்கிறது. ஆகவே குறுக்கு வில்லையும் எடை என்று கருதி வெட்டிவிடுபவரிடம் காரை விடக் கூடாது.

எல்லாம் தயாரானதும் பசைக் குழாயின் மூக்கை முக்கோணமாக வெட்டி, பள்ளம் நெடுக இடைவிடாமல் ஒரே கோடாக விடுகிறார்கள். கோடு அறுந்த இடத்தில் மழைநீர் நுழையும். இரண்டு பேர் உறிஞ்சு கைப்பிடிகளால் கூரையைத் தூக்கி வந்து, மேலிருந்து நேராக இறக்குகிறார்கள். பிறகு காத்திருப்பு. அந்தப் பசை காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சில மில்லிமீட்டராக இறுகும். அதுவரை காரின் கண்ணாடி ஒன்றை விரலளவு திறந்தே வைத்திருப்பார்கள். எல்லாம் மூடியிருக்கும்போது யாராவது கதவை அறைந்து சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதுக் கூரையை அடியிலிருந்து தூக்கிவிடும்.