பாஸ்த்ரூ: ஊடுருவல் அல்ல, ஒப்படைப்பு

'டிவைஸ் பாஸ்த்ரூ'வுக்குச் 'சாதன ஊடுருவல்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். ஒரே கணினிப் போர்டில் ஹைப்பர்வைசர் (ஒரு கணினியைப் பல கணினிகள்போல் நடத்தும் மென்பொருள்) இரண்டு மூன்று மெய்நிகர் எந்திரங்களைத் தனித்தனியே ஓட்டும்போது, ஒரு சாதனத்தை அவற்றில் ஒன்றிடம் முழுதாக விட்டுவிடுவதே பாஸ்த்ரூ. 'பாஸ்' லத்தீனில் காலடியைக் குறிக்கும் 'பாஸுஸ்' வழி வந்தது. 'த்ரூ' என்றால் ஊடே. பிறப்பு அவ்வளவுதான்.

ஊடு, உருவு இரண்டும் சேர்ந்தால் துளைத்துப் புகுதல். அம்பு ஊடுருவும்; எல்லையில் பகைவர் ஊடுருவுவர். கணினிப் பாதுகாப்பில் அச்சொல் 'இன்ட்ரூஷன்' என்பதற்கு நிலைத்துவிட்டது. ஒரு பக்கத்தில் 'ஊடுருவலைத் தடுக்கவும்', அடுத்த பக்கத்தில் 'ஊடுருவலை இயக்கவும்' என்றிருந்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? 'ஊடுகடத்தல்' என்பாரும் உண்டு. அதுவும் 'த்ரூ'வைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதே தவிர, சாதனம் யார் கைக்குப் போகிறது என்று சொல்லவில்லை.

மதுரையில் வீட்டை ஒத்திக்கு விட்டால் சாவி கைமாறும். பணத்தைக் கொடுத்து மீட்கும்வரை வீட்டுக்காரர் அதில் புழங்க முடியாது. பாஸ்த்ரூவும் அப்படியே. ஸென் என்ற ஹைப்பர்வைசரில், வன்பொருளை விவரிக்கும் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் அந்தச் சாதனத்துக்கு 'ஸென், பாஸ்த்ரூ' என்று குறித்துவிட்டால் மற்ற எந்திரங்களை நிர்வகிக்கும் முதல் எந்திரமான டாம் 0 அதைத் தொடாது. 'ஒத்தி' என்றே பெயர் வைத்திருக்கலாம். 'ஒத்திவைப்பு' வந்து குழப்பும். அதனால் 'நேர் ஒப்படைப்பு'.

ஒப்படைப்பு என்று சொன்னால்தான் 'எதையெல்லாம்?' என்ற கேள்வி எழும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், மினி யூஆர்ட் என்ற தொடர்வழித் தொடர்புச் சாதனத்தை ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். சாதனத்தை இயக்குவது அதற்கான நினைவக முகவரிகள் வழியே; அவற்றை 4096 பைட் பக்கமாகத்தான் கொடுக்க முடியும். அந்தப் பக்கத்தில் 64-ஆம் பைட்டில் மினி யூஆர்ட், 128-இல் எஸ்பிஐ 1, 192-இல் எஸ்பிஐ 2 (இவை வேறு இரு தொடர்புச் சாதனங்கள்). செயலியைக் கூப்பிடும் குறியான இன்டரப்ட்டும் மூன்றுக்கும் ஒன்றே. வளவு வீட்டின் தலைவாசல் சாவியைக் கொடுத்தது போல, மூன்றும் சேர்ந்தே போகும்.

ஈதர்நெட் போல டிஎம்ஏ செய்யும், அதாவது செயலியின் இடையீடின்றி நினைவகத்தில் தானே படித்து எழுதும் சாதனம் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. விருந்தினர் எந்திரம், அதாவது சாதனத்தைப் பெற்ற மெய்நிகர் எந்திரம், தரும் முகவரி உண்மையான நினைவக முகவரி அல்ல. இடையில் முகவரியை மாற்றித் தர எஸ்எம்எம்யூ என்ற வன்பொருள் வேண்டும்; பை 4-இல் அது கிடையாது. சாதனம், தன்னிடம் தரப்பட்ட முகவரியை அப்படியே நம்பி அடுத்தவர் நினைவகத்தில் எழுதிவிடும். உண்மையில் அங்கேதான் ஊடுருவல் நடக்கிறது!

ஒரு சாதனத்தைப் பலர் பயன்படுத்துவது வேறு. அதையும் வெறுமனே 'பகிர்வு' என்று முடித்துவிடுகிறார்கள். பகிர்வு 'பகு'விலிருந்து வந்தது, கூறுபோடுவது. சாதனத்தை யாரும் கூறுபோடுவதில்லை. நம் கண்மாய்ப் பாசனத்தில் மடையைத் திறப்பவர் நீர்க்கட்டி மட்டுமே. வயல்காரர் முறைக்குக் காத்திருப்பார். சாதனத்தைப் பலருக்குப் பயன்படுத்தத் தரும் விர்ட்டியோ முறையிலும் விருந்தினர் எந்திரங்கள் வரிசையில் கோரிக்கையை வைக்கும், அவற்றை வாங்கி நிறைவேற்றும் பின்முனை மட்டும் சாதனத்தைத் தொடும். அதற்கு 'முறைப்பங்கீடு' என்பதே பொருந்தும். டிஎம்ஏ சாதனம் பை 4-இல் இருந்தால் நேர் ஒப்படைப்பை விட்டுவிட்டு இந்த வழியில்தான் போக வேண்டும்.