கெர்ன்சா விளைந்துவிட்டது, உமியை யார் நீக்குவது?

சென்ற மாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் மேற்கில் ஒரு விவசாயியின் இரும்புக் குதிருக்கு முன்னால் நின்றிருந்தேன். உள்ளே இரண்டு அறுவடைகளில் சேர்ந்த கெர்ன்சா, அதாவது ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் தொடர்ந்து விளையும் புல்வகைத் தானியம், ஏறத்தாழ 7 டன் கிடந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பாதி மணிகள் உமியை விடவில்லை. இடையிடையே எர்காட் என்ற நச்சுப் பூஞ்சையின் கரிய கட்டிகளும் தென்பட்டன. அவர் கேட்டார்: “மாநில மானியம் வந்துவிட்டால் இதை விற்றுவிடலாம் அல்லவா?” தானியம் சுத்திகரிக்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் இந்த ஆண்டில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது விவசாயி அவர். அதனால்தான் எழுதுகிறேன்.

கெர்ன்சாவின் வேர் 3 மீட்டர் வரை இறங்குவதையும், அதனால் நைட்ரேட் நிலத்தடி நீரில் கலப்பது குறைவதையும் இங்கே விளக்கப்போவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற எல்லையை நெருங்கும் கிணறுகளை வைத்திருக்கும் ஊர்களுக்கு அது நன்றாகவே தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபாரெவர் கிரீன் திட்டம் 2012 முதல் இத்தகைய பயிர்களை வளர்த்தெடுத்து வருகிறது. 2019-இல் எம்என்-கிளியர்வாட்டர் என்ற கெர்ன்சா ரகம் அங்கிருந்துதான் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்குச் சென்ற பணத்தில் ஒரு பகுதி, 2008-இல் மாநில வாக்காளர்கள் தாமே ஏற்றுக்கொண்ட 0.375 சதவீதக் கூடுதல் விற்பனை வரியிலிருந்து வந்தது. பயிர் கையில் இருக்கிறது. நிலத்தை ஆண்டு முழுவதும் பச்சையாக மூடிவைக்கும் இப்பயிர்களுக்குச் சந்தையை உருவாக்கவென்றே மாநில வேளாண் துறை மானியமும் வழங்குகிறது. அப்படியிருந்தும் குதிரில் தானியம் தேங்குவதற்குக் காரணம், ‘சந்தை’ என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதுதான்.

சந்தையை வளர்ப்பது என்றால் விளம்பரம் செய்வது என்று நினைக்கிறார்கள். நான் பார்வையிட்ட மானிய விண்ணப்பங்களில் இணையதளம், துண்டுப் பிரசுரம், கண்காட்சி அரங்கு ஆகியவற்றுக்கே பணம் கேட்கப்பட்டிருந்தது. உமி நீக்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மக்களுக்குத் தெரியாததால் விற்கவில்லை, தெரிந்தால் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கிறது. தெரிந்தால் மட்டும் போதாது. ஜெனரல் மில்ஸ் போன்ற பெரும் நிறுவனம் கெர்ன்சா கலந்த காலை உணவைக் கொண்டுவர முன்வந்தபோது பெயருக்கும் விளம்பரத்துக்கும் குறைவே இல்லை. ஆனால் அறுவடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோனதால், 2019-இல் சிறிதளவு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. மாவு ஆலைக்காரர் ஒருவரிடம் நான் மாதிரி கொண்டுசென்றபோது அவர் கேட்டவை மூன்றே மூன்று: ஈரப்பதம் எவ்வளவு, எர்காட் எவ்வளவு, அடுத்த ஆண்டும் இதே தரத்தில் தர முடியுமா? வேரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கெர்ன்சா மணி கோதுமை மணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கோதுமைக்கென அமைந்த சல்லடையும் காற்றுவீச்சும் அதைக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடும். இதற்கென இயந்திரத்தைச் சீரமைக்கப் போதுமான தானியம் வராது என்று ஆலை தயங்குகிறது. ஆலை இல்லாததால் விவசாயி கூடுதல் ஏக்கரில் விதைக்கத் தயங்குகிறார். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மானியம். உலர்த்துதல், சுத்திகரித்தல், உமி நீக்குதல், சேமித்தல், அடுமனையில் பக்குவம் பார்த்தல் என்று வயலுக்கும் கடைக்கும் நடுவிலுள்ள வேலைக்கே அதைக் கேளுங்கள்.

வரகும் சாமையும் உண்டு வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது. வரகின் சுவை பிடிக்காமலா அடுப்படியிலிருந்து அது விலகியது? அதைக் குத்திப் புடைத்த கைகள் ஓய்ந்ததும், நெல்லுக்குக் கிடைத்த ஆலை வரகுக்குக் கிடைக்காததும் பெரிய காரணங்கள்.

குளிர்காலக் கமெலினா என்ற எண்ணெய் வித்துப் பயிரிலும் இதே கதைதான். கடுகைவிடச் சிறிய அந்த விதை லாரிக் கதவின் இடுக்கு வழியே தண்ணீர்போல ஒழுகும். ஏற்றும் முன் ஒவ்வொரு இடுக்கிலும் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கிளம்பிய ஒரு வண்டியின் பின்னால் சாலை நெடுகப் பொன்னிறக் கோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கெர்ன்சா கோதுமையின் உறவுப் புல். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அதிலும் உண்டு. ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைக் கண்டு பதறிப்போனேன். குளூட்டனை உடல் ஏற்காத சீலியாக் நோயாளி ஒருவர் அதை நம்பி உண்டால் அவர் குடல்தான் புண்ணாகும். தயவுசெய்து எழுதாதீர்கள்.

விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இத்தகைய மானியங்களில் பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டிய பிறகே பணம் திரும்ப வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கடன் வசதியை முன்பே பேசி வையுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்காதீர்கள். ‘ஆர்வமாக இருக்கிறோம்’ என்ற கடிதத்தைவிட, என்ன தரத்தில், எத்தனை கிலோ, என்ன விலைக்கு வாங்குவோம் என்று சொல்லும் கடிதமே உதவும். குதிரில் இருக்கும் எடையைக் கணக்கில் காட்டாதீர்கள். உமியும் குப்பையும் போன பிறகு நிற்கும் எடையைக் காட்டுங்கள்.

அந்த விவசாயியின் குதிரிலிருந்து 20 கிலோ எடுத்து, இரவல் இயந்திரத்தில் உமி நீக்கி, எர்காட் பிரித்து, ஓர் அடுமனைக்கு அனுப்பினோம். ரொட்டி நன்றாக வந்ததாகச் சொல்லி, மாதந்தோறும் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு அவர்கள் பதில் எழுதினார்கள். இப்போது அந்த விவசாயி அண்டைப் பண்ணையார் இருவரோடு சேர்ந்து, பொதுவான உமிநீக்கி ஒன்றுக்கு விண்ணப்பம் தயாரிக்கிறார். பிரசுரச் செலவு என்ற வரியை அவரே அடித்துவிட்டார்.

ஆகஸ்ட் இறுதியில் புதிதாக விதைக்கவிருப்பவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. விதை வாங்குவதற்கு முன் பக்கத்து வயலிலிருந்து ஒரு கிலோ கெர்ன்சா வாங்கி, உங்களுக்கு அருகிலுள்ள ஆலைக்காரரின் மேசைமேல் கொட்டி, இதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள்.