நர்சிங் காலேஜ் பார்க்கப் போனால் முதலில் வார்டைப் பாருங்கள்

போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம், டூட்டி முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும் என்னைத் தேடி வந்தார்கள். பெண்ணின் கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் லேமினேட் செய்த சர்டிபிகேட். ஒன்றரை வருடம் படித்திருக்கிறாள், அம்மாவின் செயினை அடகு வைத்துத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனபோது, "கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே இவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வார்டு உதவியாளர் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அப்பா என்னிடம் சர்டிபிகேட்டைக் காட்டி, "நர்சிங்னுதாங்க சிஸ்டர் போட்டிருக்கு, நாங்க வேற என்னத்த பாக்கறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன், அதில் பாதி காலம் மாணவிகளுக்கு வார்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனாலும் என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஜனங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

நர்ஸ் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள வைக்கிற படிப்பு, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு, மூன்றே மூன்றுதான். ஏ.என்.எம். இரண்டு வருடம், இது பெண்களுக்கு மட்டும், கிராமத்துச் சுகாதார வேலைக்கானது. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருடம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இவற்றை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகும், நம்பர் கிடைக்கும். அந்த நம்பர் இல்லாமல் நர்ஸாக வேலை செய்ய முடியாது; தமிழ்நாடு அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கும் போட முடியாது, எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கும் போட முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று "நர்சிங் அசிஸ்டன்ட்", "ஹெல்த் அசிஸ்டன்ட்" என்று வருபவை எல்லாம் உதவியாளர் படிப்புகள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் இல்லாமல் எந்த வார்டும் நடக்காது. ஆனால் உதவியாளர் படிப்பை நர்ஸ் படிப்பு என்று சொல்லி, வெள்ளை யூனிஃபார்ம் போட்டுப் படம் எடுத்து, பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்து, மீனவர் வீட்டிலும் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிற வீட்டிலும் பணம் வாங்குவது அநியாயம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாக, படிப்பு வாரியாக, வருட வாரியாகக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. காலேஜ் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகிற வருடத்துக்கு இருக்கிறதா, நீங்கள் சேரப்போகிற படிப்புக்கு இருக்கிறதா, எத்தனை இடம் என்று போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். ஜி.என்.எம்.முக்கு அனுமதி வாங்கிய இடத்தில் பி.எஸ்சி.க்கும் ஆள் சேர்க்கிறார்கள், "அப்ரூவல் வந்துட்டே இருக்கு" என்பார்கள். அறுபது இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு எண்பது பேரைச் சேர்த்தால் அந்த இருபது பேருக்குப் பரீட்சை நேரத்தில்தான் விஷயம் தெரியவரும். மாநில கவுன்சில், பல்கலைக்கழகம் இரண்டின் அனுமதிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் பொதுவாக பி.எஸ்சி.க்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், புதுச்சேரி என்றால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2023இல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, அதனால் போகப்போக இணையதளத்தில் பெயர்கள் மாறலாம், குழம்ப வேண்டாம், தேட வேண்டியது அதே பட்டியல்தான்.

இவ்வளவும் காகிதம். இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

என்னிடம் வருகிற பெற்றோர் எல்லாரும் "எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த காலேஜுக்கு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? பல பேருக்கு அந்தக் கேள்வியே புரிவதில்லை. கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள், லேபில் படுக்க வைத்திருக்கும் பொம்மையைப் பார்த்திருப்பார்கள், ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று விசாரித்திருப்பார்கள். பொம்மைக்கு ஊசி போட்டால் வலிக்காது, அது அழாது, பயப்படாது, மூச்சுத் திணறாது. நர்சிங் என்பது வார்டில் கற்றுக்கொள்கிற வேலை. காலையில் எட்டு நோயாளிக்கு பி.பி. பார்த்து, ஒன்பதாவது ஆளின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதே, அது வகுப்பில் வராது.

அதனால்தான் கவுன்சில் விதியிலேயே பி.எஸ்சி., ஜி.என்.எம். நடத்துகிற நிறுவனத்துக்கு நூறு படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை, பேரண்ட் ஹாஸ்பிடல் என்பார்கள், இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது கணக்கு. நூறு படுக்கை என்று போர்டு இருந்தால் போதாது, படுக்கையில் ஆள் இருக்க வேண்டும். வார நாளில், செவ்வாய் புதன் மாதிரி, காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்களே போய் ஓ.பி.யில் உட்காருங்கள். கூட்டம் வருகிறதா, பிரசவம் நடக்கிறதா, குழந்தைகள் வார்டு இருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் யூனிஃபார்மில் வருகிற மூன்றாம் வருட, நான்காம் வருட மாணவிகள் நாலு பேரிடம் வெளியே டீக்கடையில் பேச்சுக் கொடுங்கள். லேபர் வார்டு போஸ்டிங் எங்கே போட்டார்கள், நீயே கையால் எத்தனை பிரசவம் பார்த்தாய், நைட் டூட்டி போட்டார்களா, கூட டியூட்டர் வருவாரா இல்லை பஸ்ஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களா என்று கேளுங்கள். உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கத் தெரியாது.

கேஸ் புக் என்று ஒன்று உண்டு. மாணவி பார்த்த பிரசவம், கவனித்த தாய், கவனித்த குழந்தை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். வார்டு இல்லாத கல்லூரியில் இதைச் சீனியரின் புக்கைப் பார்த்து எழுத வைக்கிறார்கள். அப்படி எழுதி முடித்த ஒரு பெண் எங்கள் லேபர் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை, இவள் கை நடுங்கி நின்றுவிட்டாள். பக்கத்தில் இன்னொரு சிஸ்டர் இருந்ததால் அந்தத் தாய் பிழைத்தார். அந்தப் பெண் மருந்து அறையில் நின்று அழுததை நான் மறக்கவில்லை, அவள்மீது எனக்குக் கோபமும் இல்லை. கற்றுக்கொடுக்காமல் பாஸ் போட்டவர்கள்மீதுதான் கோபம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: "ஆந்திராவுல போட்டு விடறேன், கர்நாடகாவுல போட்டு விடறேன், கிளாஸுக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்" என்று சொல்கிற புரோக்கர்கள் விருத்தாசலம், பண்ருட்டி, திட்டக்குடி வரைக்கும் சுற்றுகிறார்கள். எந்த மாநிலத்தில் படித்தாலும் தப்பில்லை, நல்ல கல்லூரிகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஆனால் பரீட்சை எழுதவே எண்பது சதவீத வருகை வேண்டும், வார்டுப் பயிற்சியை முழுசாக முடித்தால்தான் பட்டம். போகாமலே முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், யாரோ பொய்க் கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம், அது பின்னால் உங்கள் பிள்ளையின் பெயரில்தான் நிற்கும்.

இப்போது எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விடுகிறோம். கடைக்கு, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் போகும்போது எல்லை என்று ஒன்று நினைவிலேயே வராது. ஆனால் அட்மிஷனில் அந்த எல்லை நன்றாகவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு நடத்துகிற கவுன்சிலிங். இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கை வைத்து ரேங்க் போடுகிறார்கள், பி.ஃபார்ம்., பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். அரசுக் கல்லூரி மட்டுமல்ல, தனியார் கல்லூரிகளில் இருக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில்தான் வரும். புதுச்சேரியில் அட்மிஷன் நடத்துவது சென்டாக் என்ற அரசு அமைப்பு. அங்கே அரசு ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரி இருப்பிடச் சான்று வேண்டும், பாகூர் பக்கம் அத்தை வீட்டில் ஒரு வருடம் தங்கிப் படித்தேன் என்பதெல்லாம் செல்லாது. கடலூர்ப் பிள்ளைக்கு அங்கே பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடுதான் கிடைக்கும், அதற்குக் கட்டணம் கூடுதல். பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகப் புதுச்சேரியில் பெரிய தொகையைக் கட்டிவிட்டு, இங்கே கவுன்சிலிங்கில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி இருக்கிறது, அதை ஒட்டிப் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. அதையெல்லாம் விசாரித்துவிட்டு எல்லை தாண்டுங்கள்.

ஜிப்மர் மட்டும் வேறு கதை. புதுச்சேரி கோரிமேட்டில் இருந்தாலும் அது மத்திய அரசு நிறுவனம், நாடு முழுக்க இருந்து யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவ நர்சிங் சேவைக்கும் அப்படித்தான். நீட் என்றால் டாக்டருக்கு என்று நினைத்து, நம்ம பிள்ளை நர்சிங்தானே என்று விட்டுவிடுகிறார்கள், ரிசல்ட் வந்தபிறகு மே மாதம் என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய முடியும்? நீட் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, பொதுவாக பிப்ரவரி மார்ச்சில் முடிந்துவிடுகிறது. உங்கள் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தால் இதை இப்போதே குறித்துவையுங்கள்.

ஜி.என்.எம்.மா பி.எஸ்சி.யா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: பி.எஸ்சி. கிடைத்தால் பி.எஸ்சி. மேலே எம்.எஸ்சி. படிக்கலாம், நார்செட்டுக்கு நேராகப் போகலாம், ஜி.என்.எம். என்றால் அதற்கு ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் மோசமான பி.எஸ்சி. கல்லூரியைவிட, கூட்டம் வருகிற ஆஸ்பத்திரியோடு இருக்கிற ஜி.என்.எம். ஸ்கூல் எவ்வளவோ மேல். காமர்ஸ் குரூப் படித்த பெண்ணும் ஜி.என்.எம். படிக்கலாம், பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து அதே பட்டத்துக்கு வந்துவிடலாம். பையன்களும் தாராளமாக வரலாம், ஏ.என்.எம். தவிர.

பணம் பேசும்போது முதல் வருடக் கட்டணத்தைக் கேட்காதீர்கள், நான்கு வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். யூனிஃபார்ம், புத்தகம், பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், வெளி ஆஸ்பத்திரியில் போஸ்டிங் போடுவதற்கான கட்டணம் எல்லாம் தனித்தனியாக வரும். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள், அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பிள்ளையை வெளியே போகவிடாமல் செய்த இடங்கள் எனக்குத் தெரியும். அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் வங்கியில் நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமலே கல்விக்கடன் கேட்கலாம். செயினை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி பேங்குக்குப் போங்கள். பேங்க் மேனேஜர் "இந்த காலேஜ் லிஸ்ட்ல இல்லையேம்மா" என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, பையன் என்றால் தமிழ்ப் புதல்வன்.

அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது நைட் டூட்டியைப் பற்றி, அதைவிட மெதுவாகக் கேட்பது கல்யாணத்தைப் பற்றி. எனக்கும் என் அம்மாவோடு இதே சண்டை நடந்தது. நைட் டூட்டி உண்டு, உடம்பு அலுக்கும், பண்டிகைக்கு லீவு கிடைக்காது, இதையெல்லாம் மறைத்து யாரையும் இந்தப் படிப்புக்கு நான் இழுக்க மாட்டேன். ஆனால் பெண்ணிடம் ஒரு தடவை தனியாகப் பேசுங்கள். வீட்டில் ஆயா படுக்கையில் கிடந்தபோது அவள் பக்கத்தில் போனாளா, முகத்தைச் சுளிக்காமல் துணி மாற்றினாளா என்று உங்களுக்கே தெரியும். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்பது பிரச்சினையே இல்லை, ஆறு மாதத்தில் சரியாகிவிடும். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று தள்ளிவிட்ட பிள்ளைகள்தான் இரண்டாம் வருடத்தில் திணறுகிறார்கள்.

தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது, பிளஸ் டூவில் மார்க் இருந்தது, ஜி.என்.எம்.முக்குத் தகுதியும் இருந்தது. சாதிச் சான்று மட்டும் கைவசம் இல்லை. அதற்கு அலைந்ததில் பதினைந்து நாள் போனது, விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. அதனால் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்தபிறகு போனால் தாலுகா ஆபீஸ் வாசலில் ஊரே நிற்கும்.